பதிமூணாம் நாள் சீத்தாப்பழம்

"உங்க மருந்து நல்லா வேலை செஞ்சுருச்சு, டீச்சர்."

"சந்தோசம்."

"அதான் டீச்சர் என் குறையே."

பிலோமினா டீச்சர் தொட்டிக்குள்ள விட்ட கையை வெளிய எடுக்கல. ரெண்டு நிமிசம் முங்கணும்னா ரெண்டு நிமிசம் முங்கணும். சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே பழக்கூடையை அமுக்கிப் பிடிச்சிருந்தாங்க. நேரம் ஆனதும் தூக்கி, வடிய விட்டு, காத்தாடிக்குக் கீழ ஒவ்வொண்ணாப் பரப்பினாங்க. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாங்க.

சடையாண்டி வாசப்படிக்கு வெளிய நின்னார். ஒரு வாரமா சவரம் காணாத முகம். நெஞ்சோட அணைச்சுப் பிடிச்ச அட்டைப்பெட்டி.

"உள்ள வாங்கண்ணே."

"அண்ணேன்னு கூப்பிடாதீங்க டீச்சர். அந்த வார்த்தை மட்டும் வேணாம்."

டீச்சர் ஒரு முக்காலியைச் சுவரோரமா இழுத்துப் போட்டாங்க.

"சரி. உள்ள வாங்க."

இவங்க ரெண்டு பேர் யாருன்னு முதல்லயே சொல்லிரணும். இல்லேன்னா பாதியில நீங்க என்னைப் பிடிச்சு உலுக்குவீங்க.

பிலோமினா எந்தப் பள்ளிக்கூடத்துலயும் டீச்சரா இருந்ததில்ல. வயசு நாப்பதுகூட ஆகல. பெரிய ஊர்ல ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்துல இருந்துட்டு, அங்க என்ன பிடிக்காமப் போச்சோ, எங்க மலையடிவாரத்துக்கு வந்து, சும்மா கிடந்த ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடிச்சாங்க. பறிச்ச பழம் கெடாம இருக்க மருந்து முக்கிக் கொடுக்கிறது தொழில். கத்துக்க வந்தவங்களுக்குக் கத்துக் கொடுக்கவும் செஞ்சாங்க. அதனால டீச்சர்.

முதல்ல கத்துக்க வந்தது சடையாண்டிதான். அறுபத்தி ஒரு வயசு. மகள் வயசுக்காரிகிட்டப் போய்க் கைகட்டி நிக்கிறானேன்னு ஊரே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும்னு போனார். மலைச்சரிவுல நாலு ஏக்கர் சீத்தாத் தோப்பு வெச்சிருக்கிற மனுசன் அவர். சீத்தாப்பழம் வெச்சிருக்கிறவனுக்கு வெக்கம் பார்க்க நேரம் கிடையாது. இன்னைக்குக் கல்லு மாதிரி இருக்கும். மூணாம் நாள் பழம். நாலாம் நாள் கூழ். லாரி ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பாதிப் பெட்டியில ஈ மொய்க்கும்.

வந்த அன்னைக்கு அவர் கேட்டார்.

"உங்க மருந்து விசம் இல்லேன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

டீச்சர் ஒரு டம்ளரை எடுத்துத் தொட்டியில மொண்டு மடக்குன்னு குடிச்சாங்க. வாயைத் துடைச்சுட்டு, இன்னொரு டம்ளர் மொண்டு அவர்கிட்ட நீட்டினாங்க.

சடையாண்டியும் குடிச்சார். புளிப்பு. குமட்டல். மீன் கழுவுன தண்ணியில எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி ஒரு வாசம்.

"என்னம்மா இது!"

"இறால் ஓட்டை அரைச்சு எடுத்த பொடி. வினிகர்ல கரைச்சிருக்கேன். அவ்வளவுதான்."

மிச்சத்தை வாசல்ல முருங்கைக்கு ஊத்தினாங்க. அந்த முருங்கை இன்னைக்கும் நல்லாத்தான் காய்க்குது.

பழத்து மேல அது ஒரு மெல்லிசுப் படலமாப் படிஞ்சுக்கும். பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பொட்டலம் வைப்பாங்க. கிணத்துல போடுற பெர்மாங்கனேட்டைக் கரைச்சு, அதுல ஊறப்போட்ட செங்கல் துண்டு. கத்திரிப்பூ ஊதாவா இருக்கும். பழுக்க வைக்கிற ஆவி பழத்துல இருந்து கிளம்புமாமே, அதை அந்தக் கல்லு குடிச்சுக்கிட்டே இருக்கும். குடிக்கக் குடிக்க ஊதா மங்கி, கடைசியில காவி நிறமாகும். காவி ஆயிருச்சுன்னா நாள் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

மூணு நாள் தாங்காத பழம் பன்னெண்டு நாள் தாங்குச்சு. கொட்டகைச் சுவத்துல "12 நாள் கெடாது"ன்னு பெருசா பெயிண்ட்ல எழுதினது சடையாண்டிதான். யாரும் எழுதச் சொல்லல. சந்தோசம் தாங்காம அவரா எழுதினார்.

அந்த எழுத்துக்குக் கீழதான் இப்ப வந்து உக்காந்தார். பெட்டியை மடியில வெச்சுக்கிட்டார்.

"திறங்க" ன்னாங்க டீச்சர்.

திறந்தார். வைக்கோல் மேல ஒரே ஒரு பழம். பெரிய பழம், ரெண்டு கைக்கும் கொள்ற பழம். பச்சை கொஞ்சம் வெளுத்து, கண்ணுக்குக் கண்ணு இடையில பால் மஞ்சள் ஓடியிருந்துச்சு. பக்கத்துல பொட்டலம். கல்லு முழுசாக் காவி.

டீச்சர் பழத்தைத் தொடல. குனிஞ்சு மோந்து பார்த்தாங்க.

"இன்னைக்குக் காலையிலதான் பழுத்திருக்கு."

"ஆமா."

"எப்பப் பறிச்சது?"

"போன வாரம் திங்கக்கிழமை. இன்னைக்குப் பதிமூணாம் நாள். நீங்க சொன்னது அப்படியே பலிச்சிருக்கு, டீச்சர். ஒரு புள்ளி கிடையாது. ஒரு சுருக்கம் கிடையாது."

"இதை ஏன் இன்னும் பிட்டுத் திங்காம வெச்சிருக்கீங்க?"

சடையாண்டி உதட்டைக் கடிச்சார்.

"பிட்டுத் திங்கத் தங்கச்சி வரல."

எங்க ஊர்ல ஒரு முறை உண்டு. சீத்தாத் தோப்பு வெச்சிருக்கிற வீட்டுல, வருசத்து முதல் பழத்தைத் தனியாத் திங்க மாட்டாங்க. கத்தியும் வைக்க மாட்டாங்க. அண்ணனும் தங்கச்சியும், இல்ல அக்காளும் தம்பியும், ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக் கையால பிட்டு, பாதிப் பாதி திங்கணும். அதுக்கப்புறம்தான் வீட்டுல மத்தவங்க வாயில வைக்கலாம். எந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்திருந்தாலும் பொறந்தவ அன்னைக்கு வந்துருவா. சண்டை போட்டுப் பேசாம இருக்கிறவளும் வருவா. வந்து பேசாமலே பிட்டுத் தின்னுட்டுப் போவா.

சடையாண்டியோட தங்கச்சி வீராயி. மூணு மணி நேர பஸ் தூரத்துல வாக்கப்பட்டவ. முப்பத்தி ஆறு வருசமா ஒரு வருசம் தப்பல. ஒரு தடவை பிள்ளை பெத்து இருபதாம் நாள், பச்சைப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா. புருசன் திட்டினானாம். "பழம் நாலு நாள் நிக்குமாய்யா? நீ நிப்பியா?" ன்னு கேட்டுட்டு பஸ் ஏறிட்டா. அப்படி ஒரு வாய்.

"என்ன ஆச்சு?" ன்னு கேட்டாங்க டீச்சர்.

"திங்கக்கிழமை பறிச்சதுமே போன் போட்டேன். முதல் பழம் கண் திறந்துருச்சு தாயின்னேன். நாளைக்கே வர்றேண்ணேன்னா. துள்ளுறா. அறுபதை எட்டப் போற பொம்பளை, போன்ல துள்ளுறா."

"ம்."

"எனக்குன்னா அன்னைக்கு ஏகப்பட்ட வேலை. முதல் முதலா லாரி லோடு மருந்து முக்கி அனுப்புறோம். பெட்டி கட்ட பதினாலு ஆளு. வந்தா அவளை உக்கார வைக்க இடம் இல்ல, ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுக்க ஆள் இல்ல."

"ம்."

"அவசரம் இல்ல தாயி, அடுத்த புதன்கிழமை நிதானமா வான்னு சொன்னேன்."

டீச்சர் ஈரக் கையைத் துண்டுல துடைச்சாங்க. துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

"அவ கேட்டா. 'பழம் இருக்குமாண்ணே?' ன்னு. நான் சிரிச்சேன். கிண்டலா சிரிச்சேன் டீச்சர். 'இது உன் பழைய பழம் இல்லடி, மருந்துப் பழம். பன்னெண்டு நாள் அசையாது' ன்னேன். 'அப்பச் சரிண்ணே' ன்னு வெச்சுட்டா."

"அப்புறம்?"

"சனிக்கிழமை காலையில பால் வாங்கப் போனவ தெருவுலயே உக்காந்துட்டா. நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

காத்தாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு. பழங்க மேல இருந்த ஈரம் ஓரமா இருந்து காஞ்சுக்கிட்டு வந்துச்சு.

"பொறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கிட்டு நான் போறேன். கூடத்துல கிடத்தியிருக்கு. அவ மக நாகஜோதி தலைமாட்டுல உக்காந்திருக்கு. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சுச்சு. கட்டிப் பிடிச்சு அழும்னு நெனச்சேன். அழல. எல்லாருக்கும் கேக்குற மாதிரிக் கேட்டுச்சு. 'ஏன் மாமா அம்மாவை வரவேணாம்னு சொன்னீங்க? போன் வர்றதுக்கு முன்னாடியே பைய எடுத்து வெச்சிருச்சே' ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? பன்னெண்டு நாள்னு சுவத்துல எழுதி வெச்சிருக்கோம் தாயின்னா? வாயே திறக்கல. சேலையைப் போட்டேன். சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்ததும் பின்பக்கமாவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா இது உக்காந்திருக்கு." பெட்டியைக் காட்டினார். "கல்லாட்டம். பச்சைப் பசேல்னு. அவ போயிட்டா, இது அசையல. நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? உங்க மருந்துதானே?"

குரல் ஏறிருச்சு. கொட்டகைக்கு அந்தப் பக்கம் பெட்டி கட்டிக்கிட்டிருந்த பொம்பளைங்க கையை நிறுத்திட்டாங்க.

"பன்னெண்டு நாள்னு நீங்க சொல்லலேன்னா அவ மறுநாளே வந்திருப்பா. எம்மூஞ்சியப் பார்த்திருப்பா. நான் அவ மூஞ்சியப் பார்த்திருப்பேன். உங்க மருந்துதான் அதைக் கெடுத்துச்சு!"

டீச்சர் மறுத்துப் பேசல. கோவப்படவும் இல்ல.

"ஆமா. பன்னெண்டு நாள் சொன்னேன்" ன்னாங்க. "பழத்துக்குச் சொன்னேன்."

சடையாண்டி பெட்டி மூடியை மடக்குறதும் பிரிக்கிறதுமா இருந்தார்.

டீச்சர் கேட்டாங்க.

"இன்னைக்கு என்ன வேணும்னு வந்தீங்க?"

அவர் பெட்டிக்குள்ள பார்த்துக்கிட்டே சொன்னார்.

"திரும்ப முக்கிக் கொடுங்க. புதுசா ஊதாக் கல்லு வெச்சுக் கொடுங்க. இன்னும் ஒரு பத்து நாள் நிக்கணும்."

"எதுக்கு?"

"இன்னைக்கு அங்க எட்டாம் நாள் படையல். தாய்மாமன் போகணும். வீட்டுக்காரி காலையிலயே கிளம்பிப் போயிட்டா. 'நீ மனுசனா?' ன்னு கேட்டுட்டுப் போனா. எனக்குக் கால் வரல டீச்சர். அந்தப் பிள்ளை அதே கேள்வியக் கேக்கும். நான் என்ன சொல்றதுன்னு யோசிக்கணும். ஒரு பத்து நாள். தைரியம் வந்ததும் இந்தப் பழத்தையும் எடுத்துக்கிட்டுப் போவேன். வெறுங்கையோட எப்படிப் போறது? இதுதான் அவளுக்குன்னு வெச்சது. இதுவும் போச்சுன்னா அப்புறம் எனக்கும் அந்த வீட்டுக்கும் என்ன இருக்கு?"

"படையலுக்குத் தாய்மாமன் போகலேன்னா?"

"ஊர் ஏசும். அதைத் தாங்கிக்கலாம். அந்தப் பிள்ளை தன் அம்மா பொறந்த வீட்டு உறவையே அத்துரும். அதைத் தாங்க முடியாது. தெரியுது. ஆனா கால் வரலேன்னு சொல்றேன்ல."

டீச்சர் எந்திரிச்சாங்க.

கொட்டகை மூலையில ஒரு மர அலமாரி இருக்கு. முதல் தட்டுல பொடி டப்பா. ரெண்டாம் தட்டுல தராசு. மூணாம் தட்டுல என்ன இருக்குன்னு யாரும் கேட்டதில்ல. அதுல இருந்து ஒரு சீத்தாப்பழத்தை எடுத்துட்டு வந்து அவர் கையில வெச்சாங்க.

நல்ல பழம். பச்சை. மினுமினுப்பு. ஒரு குறை சொல்ல முடியாது.

"இது என்னைக்குப் பறிச்சது?" ன்னு கேட்டார் சடையாண்டி.

"நேத்தோட இருபத்தி ஆறு நாள். ஒரு வியாபாரி கேட்டார். வெளிநாட்டுக்கு அனுப்பணும், ரெண்டு தடவை முக்குனா ரெட்டிப்பு நாள் நிக்குமான்னு. முக்கிப் பார்ப்போம்னு வெச்சேன்."

சடையாண்டிக்குக் கண்ணு விரிஞ்சுச்சு. "நின்னிருக்கே!"

"பிளங்க."

"ஆங்?"

"பிட்டுப் பாருங்க."

ரெண்டு கட்டைவிரலையும் வெச்சுப் பிட்டார். லேசுல வரல. தோல் தோலாட்டம் இல்ல, ரப்பராட்டம் இழுத்துச்சு. ஒரு வழியாப் பிளந்தப்ப கள்ளுக்கடை நாத்தம் குப்புன்னு அடிச்சுச்சு. உள்ள வெள்ளைங்கிறதே இல்ல. கறுத்து, நீர்விட்டு, விதையெல்லாம் சேத்துக்குள்ள கிடக்குற மாதிரிக் கிடந்துச்சு.

அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

"ஏன் டீச்சர் இப்படி ஆச்சு?"

"ஒரு தடவை முக்குனா பழம் மெதுவா மூச்சு விடும். ரெண்டாந்தடவை முக்குனா மூச்சே விட முடியாது. உள்ளேயே புளிக்கும்."

"வெளிய ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது."

சடையாண்டி அந்த ரெண்டு பாதியையும் கையில வெச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தார். கறுப்புத் தண்ணி விரலிடுக்குல வழிஞ்சு வேட்டியில சொட்டுச்சு. துடைக்கத் தோணல அவருக்கு.

அப்புறமும் மனுசன் கேட்டார் பாருங்க. சும்மா சொல்லக் கூடாது, பயம் அப்படிப்பட்டது.

"முக்க வேணாம். கல்லு மட்டும் மாத்திக் கொடுங்க. ஒரு நாலு நாள். நாலே நாள் டீச்சர்."

"தைரியம் வர எத்தனை நாள் ஆகும்?"

"தெரியலம்மா."

"சனிக்கிழமையில இருந்து எவ்வளவு வந்திருக்கு?"

சடையாண்டி யோசிச்சார். பொய் சொல்லல.

"இருந்ததும் குறைஞ்சு போச்சு."

டீச்சர் அவர் மடியில இருந்த பெட்டியை எடுத்தாங்க. பழத்தை ரெண்டு கையாலயும் பூப்போலத் தூக்கினாங்க. சடையாண்டி மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு. சரி, மனசு இறங்கிட்டாங்க, தொட்டிக்குத்தான் போறாங்கன்னு நெனச்சார்.

டீச்சர் வலது கை கட்டைவிரலைப் பழத்து மேல வெச்சாங்க.

அமுக்கினாங்க.

பழுத்த பழம்தானே. விரல் முதல் கணு வரைக்கும் உள்ள போயிருச்சு. பால் வெள்ளையாச் சதை பிதுங்கி வெளிய வந்துச்சு.

"ஐயோ! என்ன காரியம் பண்ணீங்க!"

சடையாண்டி பாஞ்சு பிடுங்கினார். அவர் கத்துன கத்துல பொம்பளைங்க ஓடியாந்துட்டாங்க.

"படுபாவி! அவளுக்கு வெச்சது! அவளுக்குன்னு வெச்சிருந்த ஒரே பழம்! நீ பொம்பளையா? உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

ரெண்டு வருசமா மரியாதை தப்பாத மனுசன், வா போன்னு பேசினார். அழுதார். சனிக்கிழமையில இருந்து வராத அழுகை அது. தங்கச்சி பொணத்துக்கு முன்னாடி வராதது, காட்டுல வராதது, தகரக் கொட்டகையில வந்து நின்னு வந்துச்சு. பழத்துல விழுந்த குழியைத் துண்டால மூடிக்கிட்டு, கைப்பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைச்சுக்கிட்டு அழுதார்.

டீச்சர் கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. அதை மறைக்கவும் இல்ல. விரல்ல ஒட்டியிருந்ததைத் துடைக்காம அப்படியே நின்னாங்க.

அழுகை கொஞ்சம் ஓஞ்சதும் சொன்னாங்க.

"விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் யாரு நெனச்சாலும் முடியாது."

சடையாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க தங்கச்சி ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு?" ன்னு கேட்டாங்க டீச்சர்.

பஸ் ரெண்டே முக்காலுக்கு. ஓடித்தான் பிடிச்சார்.

ஜன்னலோரம் உக்காந்து மடியில துண்டை விரிச்சுப் பழத்தை வெச்சுக்கிட்டார். பெட்டியை மறந்துட்டார். காவிக் கல்லும் அங்கேயே கிடந்துச்சு. பக்கத்துல உக்காந்தவர் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "அடேயப்பா, என்ன வாசம்! எந்தத் தோப்புங்க?" ன்னு கேட்டார். சடையாண்டி துண்டு நுனியால பழத்தை மூடினார்.

வண்டி குலுங்குறப்பல்லாம் பழம் குழியில இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கீறிக்கிட்டே வந்துச்சு. ஒரு கீறல் காம்பு வரைக்கும் போச்சு. இன்னொண்ணு அடி வரைக்கும். கையால பொத்திப் பொத்திப் பார்த்தார். நிக்கல. நாலு மணி வெயிலுக்கு அதுல இருந்து சாறு கசிஞ்சு துண்டை நனைச்சு, வேட்டியையும் நனைச்சுச்சு.

என்ன சொல்றதுன்னு வழி நெடுக யோசிச்சார். வேலை ஜாஸ்தின்னு சொல்லலாம். லாரி மேல பழி போடலாம். டீச்சர் மேல போடலாம், அதுக்கு ஒரு நியாயமும் இருக்கு. ஒவ்வொண்ணா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தார். எதுவும் நாகஜோதி மூஞ்சிக்கு முன்னாடி நிக்கிற மாதிரி இல்ல.

அஞ்சே முக்காலுக்கு இறங்கினார். தெருமுனையிலயே கால் தயங்குச்சு. வீராயி உக்காந்த இடம் அதுதான். யாரோ அந்த இடத்துல சூடம் ஏத்துன கறை இருந்துச்சு. பால்காரன் சைக்கிள் அது மேலயே போச்சு.

துண்டுக்குள்ள பழம் ரெண்டாப் பிளக்கப் போகுதுன்னு கைக்குத் தெரிஞ்சுச்சு. நடந்தார்.

கூடத்துல இலை போட்டிருந்துச்சு. படத்துக்கு மாலை. வீராயி அந்தப் படத்துலயும் வாயைத் திறந்து எதையோ சொல்ல வர்ற மாதிரித்தான் இருந்தா. உறவுக்காரங்க சடையாண்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திட்டாங்க. வீட்டுக்காரி ஒரு மூலையில தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

நாகஜோதி அடுப்படியில இருந்து வந்து நிலைப்படியில நின்னுச்சு. வாங்கன்னு சொல்லல.

"என்னது மாமா அது?"

"பழம்."

"எப்பப் பறிச்சது?"

நேத்துன்னு சொல்லியிருக்கலாம். பார்த்தா நேத்துப் பறிச்சுப் பழுத்த பழம்தான்னு ஊரே சத்தியம் பண்ணும். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துருச்சு. அப்ப அந்தக் கறுப்புத் தண்ணி நாத்தம் இன்னும் அவர் கையில இருந்துச்சு.

"உங்கம்மாளை வரவேணாம்னு சொன்ன அன்னைக்கு" ன்னு துண்டோட கையை நீட்டினார்.

நாகஜோதி ஈரக் கையை முந்தானையில துடைச்சுச்சு.

"ஏன் மாமா சொன்னீங்க?"

அதே கேள்வி. அதே குரல்.

"பழம் நிக்கும்னு நெனச்சேன் தாயி. அதை மட்டும்தான் நெனச்சேன். வேற எதையும் நெனக்கல."

நாகஜோதி அவரையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அதுக்கும் முப்பது வயசாகுது. மூக்கும் வாயும் வீராயி மாதிரியே இருக்கும். அழுது வீங்குனதுல இன்னும் அப்படியே இருந்துச்சு.

"அன்னைக்கு உங்க போன் வந்ததும், பையில இருந்த சேலையை எடுத்துத் திரும்ப பீரோவுல வெச்சுச்சு அம்மா. நான் திட்டினேன். வேலையா இருந்தா என்ன, போயிட்டு வாயேன்னு. 'அண்ணனுக்குத் தொந்தரவு வேணாம்டி, இந்த வருசம் பழம் எங்கேயும் போயிராதாம்' னுச்சு."

சடையாண்டி நீட்டுன கையை மடக்காம நின்னார். மடக்கவும் தெரியல. துண்டுல இருந்து சாறு சொட்டி நிலைப்படியில விழுந்துச்சு. ஒரு எறும்பு வந்துச்சு, அப்புறம் நாலு வந்துச்சு.

நாகஜோதி படியிறங்கி வந்துச்சு. பழத்தோட ஒரு பக்கத்தைப் பிடிச்சுச்சு.

"படையல் போடாம வாயில வைக்கக் கூடாதும்மா" ன்னு உள்ள இருந்து ஒரு அத்தை குரல் கொடுத்தாங்க.

"இது எங்கம்மா பங்கு. எனக்குத் தெரியும்" ன்னுச்சு நாகஜோதி.

பிட்டுப் பிரிக்கிறதுக்கு வேலையே இல்ல. டீச்சர் விரல் போன வழியில பழம் தானா ரெண்டாச்சு. உள்ள வெள்ளைவெளேர்னு இருந்துச்சு.

ஒரு பாதி அவர் கையில நின்னுச்சு. இன்னொரு பாதியில இருந்து ஒரு சுளையை எடுத்து நாகஜோதி வாயில போட்டுச்சு. மெதுவா மென்னுச்சு. விதையைத் துப்பாம உள்ளங்கையில எடுத்துப் பார்த்துச்சு. கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது, துடைக்கல.

"நல்லாருக்கு மாமா. இதுக்கு ஒண்ணுமே ஆகல."